ஆறு விரல் தூரம்

நலம் நிலைபெறுக.

அலைக்கரை ஊர்கள் எழுபதுக்கும் உரியவரும், மூன்று துறைகளின் விளக்கை அணையாது காப்பவரும், பனிவரை நாட்டோடு செய்த பன்னீராண்டு உடன்படிக்கைக்குத் தம்மையே பிணையாக வைத்து அந்நாட்டுக் கோட்டையின் தென்மாடத்தில் தங்கியிருப்பவருமாகிய தாழைக்கரைப் பேரரசி செந்திரை நங்கையார், தமக்குப் பதிலாக அரியணையின் அருகில் நின்று ஆட்சி நடத்தும் இளவல் பொழில்வேள் காண வரைவித்த ஓலை. உமது தோளுக்கு வலிமையும், வலைஞர்க்கு நிறைந்த வலையும், உப்பளத்தார்க்கு வெயிலும், உழவர்க்கு மழையும் அவரவர் வேண்டிய நாளில் வாய்ப்பதாக.

நீர் அனுப்பிய ஓலைக்கட்டும் துணிப்பொதியும் குதிரை வணிகர் வழியே பழுதின்றி வந்து சேர்ந்தன. கீழைத் துறையின் கல்லணை முடிந்ததையும், ஐப்பசி மழை பொய்க்காததையும் படித்து மகிழ்ந்தோம். இவற்றுக்குத் தனி ஓலையில் விடை எழுதியிருக்கிறோம். இவ்வோலை நீர் கடைசியில் வைத்திருந்த விண்ணப்பம் ஒன்றைப் பற்றியது மட்டுமே.

நம் மகள் திரைமணிக்கு ஏழு வயது நிறைந்துவிட்டதென்றும், அகத்தளத்தில் அவள் மண்ணும் நீருமாய் விளையாடியது போதுமென்றும், அவளை மேலைமலைக் கல்விச்சாலைக்கு அனுப்ப நம் முத்திரை வேண்டுமென்றும் மூதமைச்சர் அறவாணர் கேட்டிருக்கிறார். அச்சாலையின் விதியை நாம் அறிவோம். உள்ளே போன பிள்ளைக்கு ஆறு ஆண்டுகள் உறவினர் ஓலை போகாது, அங்கிருந்தும் வராது. மூதமைச்சர் நம் தந்தையார் காலத்திலிருந்து நம் நாட்டின் நன்மையன்றி வேறொன்றும் நினையாதவர். ஆதலால் அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்.

அவருடைய பாதக்குறடு இரண்டும் தாமரைக்குளத்தில் இடப்பட்டது உண்மை. எது மிதக்கும், எது அமிழும் என்று வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே கண்டறியச் சொல்லி எழுதியவர் நாமே. கரண்டி, பாக்கு, செவிலி பூதியின் சீப்பு, தேங்காய்ச் சிரட்டை என்று தொடங்கியவள் மூதமைச்சரின் குறட்டில் போய் நிற்பாள் என்று நாம் நினைக்கவில்லை. மரம் மிதந்ததென்றும், வெள்ளிக் குமிழ் மட்டும் கழன்று அமிழ்ந்ததென்றும், ஆகவே தாத்தா பாதி மிதப்பவர், பாதி அமிழ்பவர் என்றும் அவள் தீர்ப்புக் கூறியதாகப் பூதி எழுதியிருந்தாள். பனிவரை மன்னரின் அவையில் அமர்ந்திருந்தபோது அது நினைவுக்கு வந்து நாம் சிரித்துவிட்டோம். எல்லைப் பேச்சில் என்ன நகை கண்டீர் என்று அவர்கள் கேட்டார்கள். மூதமைச்சருக்குப் புதிய குறடு செய்து கொடுப்பீராக.

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து அது சிவந்ததைக் கண்டு, மஞ்சளுக்குக் காயம் பட்டுவிட்டதென்று அவள் அழுததும் உண்மை. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பழைய நிறம் திரும்பும் என்பதை நம் ஓலையின் மறுபக்கத்தில் எழுதியிருந்தோம். அதை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணியில் முளைத்த பயற்றுக்கு அவள் நாள்தோறும் பெயர் வைத்ததும், முற்றத்து மணலில் அரண்மனையை வரைந்து அதில் நம் அறைக்கு மட்டும் கதவு வைக்காமல் விட்டதும் எமக்குத் தெரியும். கதவு எங்கே என்று பூதி கேட்டதற்கு, அம்மா வந்து திறந்த பிறகு வரைகிறேன் என்றாளாம்.

இளவலே, அவளை விட்டு வந்தபோது அவளுக்கு நான்கு வயது; உடன்படிக்கை முடிந்து நாம் திரும்பும்போது பதினாறு ஆகியிருக்கும். அருகிருந்து வளர்க்க இயலாதவர் செய்யக்கூடியது வேறென்ன உண்டு? திங்கள் ஒன்றுக்கு ஒரு வேலையை எழுதி அனுப்பினோம். அங்கே அவள் கை நனையும் நாளில் இங்கே நாமும் அதையே செய்து கை நனைத்தோம். இக்கோட்டையின் காவலர்கள் தாழைக்கரை அரசி சிரட்டையில் துளையிட்டு நீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தம் மன்னருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொல்லட்டும்.

இனி, முதன்மையான குற்றச்சாட்டு. அம்மா எத்தனை தூரத்தில் இருக்கிறாள் என்று திரைமணி கேட்டதற்கு மூதமைச்சர் காதக் கணக்கில் ஓர் எண் சொன்னாரென்றும், அது பெரிதா சிறிதா என்று அவள் திரும்பக் கேட்டாளென்றும் முன்பு எழுதியிருந்தீர். அதற்காகவே நம் முழங்கையளவில் ஒரு தேவதாருக் கோலை வெட்டி அனுப்பினோம். பகலும் இரவும் ஒத்த நாளில், உச்சிப்பொழுதில், அதை முற்றத்தில் நேராக நட்டு நிழல் எத்தனை விரல் என்று அளக்கச் சொன்னோம். அதே நாளில் அதே அளவுள்ள கோலை நாமும் இங்கே நட்டோம். வடக்கே போகப் போக நிழல் நீளும். இரு நிழல்களின் வேறுபாடே இடையிலுள்ள நிலம். நம் நிழல் பன்னிரண்டு விரல் என்பதை முன்கூட்டியே கணித்து எழுதியிருந்தோம்; இங்கும் அன்று அவ்வாறே இருந்தது.

திரைமணி தன் நிழலை ஆறு விரல் என்றாள். பன்னிரண்டில் ஆறு போனால் ஆறு. அம்மா ஆறு விரல் தூரத்தில்தான் இருக்கிறாள், எல்லோரும் பொய் சொன்னீர்கள் என்று அவள் அவையில் ஓடி வந்து கூவினாளென்றும், அவையோர் நகைத்தாரென்றும், கணியர் நக்கனார் பித்தளை அளவுகோலைக் கொணர்ந்து வைத்து அது நான்கு விரலே என்று காட்டினாரென்றும் எழுதியிருக்கிறீர். எண்ணக்கூடத் தெரியாத பிள்ளைக்கு நிழல் அளக்கும் வேலை எதற்கு, விளையாட்டு விளையாட்டாகவே முடிந்தது என்று மூதமைச்சர் கூறியதையும், பிழைக்குச் சான்றாக, நிழலின் கீழ் விரித்து அவள் அளந்த துணியையே அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர். ஆறு விரல் தூரத்திலிருந்து வர அம்மாவுக்கு ஏன் மூன்று ஆண்டு ஆகிறது என்று அன்று மாலை அவள் பூதியிடம் கேட்டதையும் நீர் மறைக்காமல் எழுதினீர். அதற்கு நன்றி.

எமக்கும் முதலில் அது பிழையென்றே தோன்றியது. கோல் சாய்ந்திருக்கும், உச்சி தாழ்ந்த பிறகு அளந்திருப்பாள் என்று எண்ணி, இரண்டு நாள் துணியைப் பிரிக்காமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் விரித்தோம். நிழலின் அடியும் நுனியும் கரியால் கோடிட்டிருந்தன. இடையே மஞ்சள் தோய்த்த ஒரு சிறு விரலின் பதிவுகள், ஒன்றையொன்று தொட்டபடி, சிறிதும் இடைவெளி விடாமல், வரிசையாக ஆறு.

அவற்றின் மேல் நம் விரல்களை வைத்தோம். நான்கு விரல்கள் ஆறையும் மூடிவிட்டன.

நம் நாட்டில் முடிசூடும் நாளன்று அரசரின் விரலைப் பித்தளையில் பதித்து அளவுகோல் வெட்டுவது வழக்கம். கணியரின் கோலில் உள்ள கோடுகள் நம் விரல்கள். ஊர்கள் எழுபதிலும் துணியும் நிலமும் நம் விரலாலேயே அளக்கப்படுகின்றன. விரல் என்றால் அரசவிரல் என்றே சொல்லிப் பழகி, அவரவர் கையிலும் விரல் உண்டென்பதை அவையோர் மறந்துவிட்டனர். அவ்வாறே நாமும் மறந்து, எந்த விரல் என்று குறிக்காமல் எழுதினோம். பிழை நம்முடையது. நம் மகளோ நாம் எழுதிய சொல்லை அப்படியே நம்பித் தன் விரலை வைத்தாள். அவள் எண்ணியதில் குறையில்லை; வைத்ததில் மயிரிழை சாயவில்லை. அவள் அளந்தது சரி.

இதற்கு மேல் ஓலை எழுதுபவரிடமிருந்து எழுத்தாணியை நானே வாங்கிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தம்பி, நான் புறப்பட்ட நாளில் அவள் என் ஒரு விரலைத் தன் கை முழுவதாலும் பற்றியிருந்தாள். நீதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாய். மூன்று ஆண்டுகளாக அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்ந்திருப்பாள் என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. உயரத்தை எழுதினாய், எடையை எழுதினாய், ஓவியனைக் கொண்டு முகத்தையும் வரைந்து அனுப்பினாய். அவற்றில் எதையும் என்னால் தொட முடியவில்லை. பிழைக்குச் சான்று என்று நீ அனுப்பிய துணியில் அவள் விரல் இருந்தது. என் விரலில் மூன்றில் இரண்டு பங்கு. மெழுகில் அந்த அகலத்துக்கு ஒரு விரல் செய்து உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இனிக் கட்டளை.

திரைமணி மேலைமலைக்குப் போகமாட்டாள். மூதமைச்சரின் விண்ணப்பம் முத்திரையின்றித் திரும்பி வருகிறது. அவருக்கு நம் வணக்கத்தைச் சொல்லியே அதைக் கொடுப்பீராக. அவரிடம் அவள் இலக்கணமும் அறநூலும் கற்கட்டும். முற்பகல் அவருடையது, பிற்பகல் அவளுடையது. பித்தளை அளவுகோலைப் பட்டுறையிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுப்பீராக. இவ்வோலையோடு அனுப்பும் அத்துணியின் நகலில் ஒரு பக்கம் அவள் விரலும் மறுபக்கம் அக்கோலும் வைத்து அளக்கட்டும். ஏன் ஆறு, ஏன் நான்கு என்பதை அவளே கண்டுபிடிக்கும்வரை கணியர் உட்பட எவரும் விடை சொல்லலாகாது. கண்டுபிடித்த நாளில் அவையைக் கூட்டி, நகைத்தவர் அனைவரையும் அமர்த்தி, அவள் சொல்வதைக் கேட்கச் செய்வீராக.

பன்னிரண்டு நம் விரல், கழித்த ஆறு அவள் விரல்; ஆகவே தூரம் மட்டும் ஆறு விரல் இல்லை என்பதை அவள் அப்போது அறிந்துகொள்வாள். அழுவாள். பூதியை அருகில் இருக்கச் சொல்வீராக.

இவ்வோலையை அவிழ்த்த கை நூலைக் கீழே வைக்குமுன் இவை நடக்கத் தொடங்குவதாக. வடதிசைக் காற்று தெற்கே திரும்பிய இரண்டாம் நாள், தென்மாடத்தில் எழுதியது. அடியில் இட்ட அரக்கில் மோதிரம் பதியவில்லை. என் சுட்டுவிரல் பதிந்திருக்கிறது. அதை உடைக்காமல் என் மகளிடம் கொடு. அவள் தன் விரலை அதில் வைத்துப் பார்க்கட்டும். இருபுறமும் இடம் மிஞ்சும். ஆண்டுதோறும் பிறந்தநாளில் மிஞ்சும் இடத்தை அளந்து எனக்கு எழுதட்டும்.

இடம் மிஞ்சாத ஆண்டில் மணலில் கதவை வரையச் சொல்.