பி சைலண்ட்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏன் போனை எடுப்பதில்லை என்று மெசேஜாக அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். போனில் என் உச்சரிப்பு கேட்கும், கடிதத்தில் கேட்காது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

அன்றைக்கு எதற்குக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? இங்கே வெளிநாட்டில் கட்டுகிற இருபது மாடிக் கட்டடம், அத்தனை குழாய்க்கும் நான் பொறுப்பு, என்னை ஹெட் ப்ளம்பர் ஆக்கிவிட்டார்கள். பசை ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் முதலில் உங்களிடம்தான் சொன்னேன். நீங்கள் ஆசிரியர்கள் அறையில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "ப்ளம்பர் இல்லம்மா, ப்ளம்மர். பி சைலண்ட்" என்றீர்கள். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். என் சந்தோஷம் உங்கள் காதில் விழவில்லை, பி மட்டும் விழுந்தது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ப்ளம்பர்

மார்ச் 13

அன்புள்ள கோபக்காரிக்கு,

இங்கிலீஷ் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது என்று கல்யாணத்துக்கு முன்பே உனக்குத் தெரியும். அதுவும் நான் சொன்னதில் தப்பில்லை. லத்தீனில் காரீயத்துக்கு ப்ளம்பம் என்று பெயர். அந்தக் காலத்தில் குழாயைக் காரீயத்தில் செய்தார்கள். செய்தவனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டின் இங்கிலீஷ் பெயரும் அதே வழியில் வந்ததுதான். வாய் பி-யை விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை. இவ்வளவுதான் சங்கதி. இதற்குப் போய் இவ்வளவு கோபமா?

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை. உன் வீட்டுக் குழாயே சொட்டுகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிடுவார். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
நான்தான்

மார்ச் 22

அன்புள்ள வாத்தியாருக்கு,

மன்னிப்பு எங்கேயாவது இருக்கும் என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரீயம்தான் இருந்தது.

இருந்தாலும் உங்கள் பேச்சைத் தட்டுவானேன் என்று, வாசலில் புதுக் காவலாளி யாரென்று கேட்டபோது, "ஹெட் ப்ளம்மர்" என்று சுத்தமாகச் சொன்னேன். அவர் வேறு தேசத்துக்காரர். முழித்தார். மறுபடி சொன்னேன். உள்ளே போன் போட்டு, யாரோ டிரம்மர் வந்திருக்கிறாரே, இங்கே என்ன கச்சேரி என்று விசாரித்தார். கடைசியில் பி-யைப் போட்டேன். "ஓ, ப்ளம்பர்" என்று உடனே கதவைத் திறந்தார். இங்கே பல தேசத்து ஆட்கள். எல்லோர் வாயிலும் பி பேசுகிறது.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உங்களிடம் சொல்லத்தான் கை போனுக்குப் போனது. அப்புறம் அந்த நாலு பேர் ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன்.

சரி, குழாய் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தொட்டி வால்வை மூடுங்கள். தலைப்பகுதியைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்துபோய் இருக்கும். அதையே கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது பரீட்சைக்குப் பையன்களை முடுக்குவது மாதிரி முடுக்க வேண்டாம். தண்ணீர் நின்றால் போதும்.

உங்கள் ப்ளம்பர்

மார்ச் 31

அன்புள்ள என் ஹெட் ப்ளம்பருக்கு,

வால்வை மூட மறந்துவிட்டேன். நானும் அடுப்பும் சேர்ந்து குளித்தோம்.

வாஷரை நீட்டியதும் கடைக்காரர், "கரெக்டா எடுத்துட்டு வந்திருக்கீங்களே சார், யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். "என் வீட்டுக்காரிதான். இருபது மாடிக் கட்டடத்துக்கு ஹெட் ப்ளம்பர்" என்றேன். பி-யோடுதான் வாயில் வந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அடேங்கப்பா, பெரிய விஷயம் சார்" என்றார் அவர். அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். மன்னித்துக்கொள்.

குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. இத்தனை நாள் வீட்டில் அது ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது வீடே சைலண்ட். எனக்குப் பிடிக்கவில்லை. போன் பண்ணு. எந்த வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் சொல்லு.

உன்,
வாத்தியார்

ஏப்ரல் 8

அன்புள்ள உங்களுக்கு,

அடுப்பைத் துடைத்தீர்களா?

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கூப்பிடுகிறேன். ஆசிரியர்கள் அறையில்தான் இருப்பீர்கள். வெளியே ஓடி வர வேண்டாம், ஸ்பீக்கரிலேயே போடுங்கள்.

நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், பேசப்போவது யார் என்று அந்த நாலு பேருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
ப்ளம்பர்