சிவக்காத கவ்வி

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் றெனோல்ட் வாசிக்க, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மோட்டார் சைக்கிளில் ஏறாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதிக் கடிதத்தில் கிழித்தெறியக்கூடிய ஆள். முன்சில்லைத் தாங்குகிற போர்க்குக் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கறுப்புக் கவ்வி ஓட்டத்தில் உடைந்துபோகும். உடைந்தால் முன்சில்லு மடியும், நீ அதற்கு மேலால் போய் விழுவாய். ஏன் உடையும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கூட்டாளி டெனிஸ்டனிடம் ஒரு வரி சொல்லியனுப்பியிருக்கலாம். நேற்று அவன் உன் பழைய டயர்களை எடுக்க வந்தபோதுதான், ஞாயிறு உனக்கு முதல் போட்டி, மலைச்சரிவில் என்று சொன்னான். எஞ்சின் போன கிழமைதான் சரிவந்ததாம், இதுவரை சமதரையில் மட்டும் ஓடிப் பார்த்தாயாம். ஆனால் வாய்ச்சொல்லாக வந்தால், அப்பா மறிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பாய். போன வருஷம் உன் போட்டிப் பதிவுக் கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தவன் நான்தானே. தொலைபேசியிலும் என் எண்ணை மறித்து வைத்திருக்கிறாய். மன்னாரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் நீ, என் எழுத்து விளங்கும். அதனால்தான் இதை, இன்று உன்னிடம் திரும்புகிற அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா சுகம். அவள் பிள்ளைகள் பராமரிக்கிற கார்டரியில் நாலு வயதுப் பிள்ளைகள் அவளுடைய பிரெஞ்சைத் திருத்துகிறார்களாம், சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்கு அல்ல, அயல்வீட்டு செலீன் அக்காவுக்கு. மாசியிலிருந்து என்னோடு சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும்தான் வாய் திறக்கிறாள்.

மாசியில் நடந்ததை வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. நான் எழுதுகிறேன்.

வேலையால் வந்த என்னை நீ பின் ஒழுங்கைக் கராஜுக்குக் கூப்பிட்டாய். அறுபது வருஷப் பழைய ஆங்கிலேய வண்டி. லைற் இல்லை, மட்காட் இல்லை, புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டியிருந்தது. நீ சந்தோஷமாகச் சரித்திரம் சொன்னாய். கரடுமுரடான நிலத்துக்கென்று தொடக்கத்தில் தனி வண்டி இருக்கவில்லையாம், தெருவில் ஓடியதையே கழற்றிக் கழற்றிச் செய்தார்களாம். முதலாம் உலகப் போரில் பீரங்கிச் செல் விழுந்த குழிகளுக்குள்ளால் செய்தி கொண்டு ஓடிய பொடியள் இருந்தார்களாம். 1924இல் இங்கிலாந்தில் ஒரு பொட்டல் வெளியில் ஓட்டம் வைத்தபோது, புறப்பட்டவர்களில் பாதிப்பேர்தான் முடித்தார்களாம். பின்னுக்கு ஸ்பிரிங்கூட இல்லாத வண்டிகளில் முள்ளந்தண்டு நொறுங்க ஓடினார்களாம். அதற்கு மோட்டோகுரோஸ் என்று பெயர் வந்தது பிறகாம்.

“சண்டையிலை பழகினதை விளையாட்டா மாத்தினவங்கள், அப்பா,” என்றாய்.

உன் சித்தப்பா தேவதாசனை உனக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும். அவனுடைய வண்டியில் லைற்றைக் கழற்றியது நான், வெளிச்சத்தைக் கண்டால் ஹெலி சுடும். மட்காட்டைக் கழற்றியதும் நான், மாரியில் களி இறுகிச் சில்லு நின்றுவிடும். எங்களுக்கு ஒருவரும் சரித்திரம் சொல்லித்தரவில்லை, உயிர்ப்பயம் சொல்லித்தந்தது. காயப்பட்டவர்களை அவன் அதில் ஏற்றிக் காட்டுப் பாதையால் கொண்டுபோவான். ஒருநாள் மடு வழியில் செல் விழுந்து, அவன் வயிறு திறந்து கிடந்தான். வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. சாரத் துணியால் அவனை என் முதுகோடு கட்டி, அதே வண்டியில் பதினொரு மைல் ஓடினேன். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. ஏழாம் மைலில் நின்றது. குடலின் சூடு மட்டும் என் இடுப்பில் இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

நீ விளையாட்டு என்றதும் எனக்கு அந்தச் சூடுதான் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு அன்று மட்டாகக்கூட இருக்கவில்லை. பெரிய சுத்தியலை எடுத்தேன். முதல் அடியில் பெற்றோல் தாங்கி சப்பளிந்தது, இரண்டாம் அடியில் கவ்வி நெளிந்தது. மூன்றாம் அடிக்கு நீ குறுக்கே கையை வைத்தாய். கை தெரியாமல் அடித்தார் என்று அம்மா நம்புகிறாள். நான் கையைக் கண்டேன், மகன். கண்டும் அடித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அதற்குப் பிறகும் வண்டிக்கு இன்னும் ஒரு அடி போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, மோட்டார் சைக்கிளால் விழுந்தேன் என்று பிரெஞ்சில் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அடுத்த கிழமை நீ வடக்கே சகுனேக்கு வேலைக்குப் போய்விட்டாய்.

தவக்காலம் முழுக்க அந்த வண்டியைத் திருத்தினேன். செபமாலை உருட்டுவதற்குப் பதிலாக என்று வைத்துக்கொள். சாமான் கிடைக்காத காலத்தில் வன்னியில் எதையும் அப்படித்தான் நிமிர்த்துவோம்: சிவக்கும்வரை காய்ச்சு, சிவந்ததும் அடி. கவ்வியைக் கழற்றி காஸ் நெருப்பில் பிடித்தேன். அது சிவக்கவில்லை. இன்னும் காய்ச்சினேன். சிவக்கவில்லை. பொறுமை கெட்டு ஒரு அடி போட்டேன், மெழுகு மாதிரி நிமிர்ந்தது. அப்போதுதான் விளங்கியது, அது இரும்பல்ல, அலுமினியம். அலுமினியம் சிவக்காது, அவ்வளவு சூடு பட்டால் அதற்குப் பலமும் இராது. செயின்ட்-லோறனில் விமானத்துக்கு உதிரிப்பாகம் வெட்டுகிற பட்டறையில் பதினாறு வருஷம் நிற்கிறவனுக்கு இது தெரியாதா? அங்கே கண்ணாடி போட்டு, அளந்து, காகிதம் பார்த்துச் செய்கிற ஆள், வீட்டில் கையில் நெருப்பு வந்ததும் வன்னிக்குப் போய்விட்டேன்.

உள்பக்கத்தில் மயிரளவு வெடிப்பு ஓடியிருந்தது. விளக்கைப் பிடித்து வடிவாகப் பார்த்தேன். பிறகு வெடிப்பைப் புட்டிப் பசையால் அடைத்து, உரஞ்சி, மூன்று தரம் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நொறுக்கினவருக்குத் திருத்தவும் தெரியவில்லை என்று நீ சொல்லிவிடக்கூடாது, வேறொன்றுமில்லை. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை டெனிஸ்டன் வண்டியை ஏற்றிப்போனான். இரண்டு நாள் கழித்து அம்மாவின் தொலைபேசிக்கு, அப்பாவுக்கு நன்றி சொல்லுங்கோ என்று செய்தி அனுப்பினாய். அவள் அதை எனக்குக் காட்டினாள். வெடிப்பைப் பற்றி நான் அப்போதும் சொல்லவில்லை. வெட்கம் என்று சொன்னால் அது பெரிய சொல், எனக்கு நீ நன்றி சொன்னது பிடித்திருந்தது.

புதுக் கவ்வி நானே வெட்டித் தருகிறேன் என்று எழுதக் கை வருகிறது. என் கையை நம்பு என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. அங்கே வேலை தெரிந்த ஒருவரிடம் செய்வித்துப் போடு. அதற்கு இந்தப் போட்டி போனால் போகட்டும், அடுத்ததில் ஓடு. இனி மறிக்கமாட்டேன். பார்க்க வரவும் மாட்டேன், அதை என்னால் பார்க்க ஏலாது.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு இப்போது வாசித்துக் காட்டினேன். அடுப்பை நிறுத்திவிட்டு நின்று கேட்டாள். கையைக் கண்டும் அடித்தேன் என்ற இடத்தில் கதிரையில் இருந்துவிட்டாள். முடிவுவரை கேட்டுவிட்டு, “இதிலை ஒரு சொல்லையும் வெட்டாமல் அனுப்புங்கோ,” என்றாள். மடு மாதா உன்னைக் காக்கவேண்டும் என்றும் எழுதச் சொன்னாள்.

மாதா காப்பா. ஆனாலும் இதை மாதாவின் தலையில் போட்டுவிடாதே. கவ்வியைக் கழற்று. கத்தியால் பெயின்றைச் சுரண்டு, புட்டி உதிரும், கோடு தெரியும். கோட்டைக் கண்ட பிறகும் நான் உன்னை மறிக்கத்தான் பொய் சொல்கிறேன் என்று பட்டால், அதைப் பட்டறை வைசில் இறுக்கிவிட்டுச் சுத்தியலை எடு. என்னை நினைத்துக்கொண்டு ஒரு அடி அடி, மகன். உடைந்துவிடும்.

உன் அப்பா,
அருமைநாதன்