கடல் யார் பக்கம்

இன்று காலை காரைக் கழுவக் கொடுத்திருந்தேன். கழுவுகிறவர் இடப்பக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கறுத்துச் சுருங்கிய உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "மேடம், இது வேணுமா, போட்டுடட்டுமா?" எனக்கும் என்னவென்று தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. உன் எலுமிச்சம்பழம். காய்ந்து கல்லாகியும் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேணும்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் ஏதோ கோயில் பழம் என்று நினைத்துவிட்டார் போல. விரலைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

காரைக் கழுவக் கொடுத்தது விற்பதற்காகத்தான். நீ போனபின் நான் ஆபீசுக்கு அதை எடுக்கவே இல்லை. கம்பெனி கேப்பில் போய் வருகிறேன். ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறேன், எலெக்ட்ரானிக் சிட்டி வந்ததும் யாராவது எழுப்புகிறார்கள். தூங்கி எழுந்தால் அசதி போகும் என்பார்கள். எனக்கு எழும்போதே அசதியாக இருக்கிறது. வலது முழங்கால் வேறு மக்கர் பண்ணுகிறது.

உனக்குக் கார் நகர்ந்தாலே குமட்டும். தொம்மலூரிலிருந்து நான் கிளம்பி வருவேன். ஈஜிபுரா சிக்னலில், கட்டி முடியாத மேம்பாலத்தின் தூண் ஓரமாக நீ கையில் பழத்தோடு நிற்பாய். ஏறி உட்கார்ந்ததும் சீட்டை முன்னுக்கு இழுத்து, பழத்தை நகத்தால் கீறி மோந்துகொண்டு, "ம், போலாம்" என்பாய், ஏதோ நான் உன் டிரைவர் மாதிரி. ஒரே ஆபீஸ், ஒரே மாடி, ஒரே மேனேஜர். ஆரணியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கு இந்தப் பெங்களூரில் கன்னடம் பேசிக்கொடுத்ததும், சண்டை போட்டுக்கொடுத்ததும் நீதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், உனக்கு எல்லா பாஷையிலும் வாய் நீளம்.

"நீயும் ஓட்டக் கத்துக்கோயேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"எனக்கு எதுக்குடி? நீதான் இருக்கியே."

அந்தப் பயணப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? சில்க் போர்டு சிக்னலில் ஒரு காலை. நமக்கு முன்னால் மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. கண்ணாடியை ஏற்றியும் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. நீ இரண்டு பழத்தை ஒரே நேரத்தில் மூக்கில் அமுக்கிக்கொண்டாய். வாந்தி எடுக்கப்போகிறாய் என்று நான் பிளாஸ்டிக் கவரைத் தேடிக்கொண்டிருக்க, நீ லாரியின் பின்பக்கத்தையே பார்த்தபடி, "இந்த மீன் வந்த வழியா நாம ஒரு வாட்டி போலாம்டி" என்றாய். கார்வாரிலிருந்து மங்களூர் வரை, மேற்கே கடலை ஒட்டிய ரோட்டில். நாம் இருவர் மட்டும்.

அன்றிலிருந்து நம் ஆபீஸ் பாதைக்கே ஊர்ப் பெயர்கள் மாறிவிட்டன. நீ ஏறும் ஈஜிபுரா சிக்னல் கார்வார். அதிக நேரம் நிற்கிற சில்க் போர்டு கோகர்ணம், "வந்தது வந்தோம், நிதானமா சாமி பாரு" என்பாய். அதைத் தாண்டி மேம்பாலம் ஏறும்வரை முருடேஸ்வரம். டோல் ரோட்டின் மேலே ஏறி, இரண்டு பக்கமும் காற்று அடிக்கத் தொடங்கினால் அது மரவந்தே. ஆபீஸ் வாசல் மங்களூர். "எங்க இருக்கீங்க?" என்று மேனேஜர் போனில் கேட்டதற்கு, "கோகர்ணத்துல மாட்டிக்கிட்டோம் சார்" என்று ஒருநாள் வாய்தவறி நான் சொல்லி, அவர் நாம் லீவு போட்டுவிட்டோம் என்று குதித்தாரே.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன செய்வது என்று சிக்னலுக்குச் சிக்னல் பேசுவோம். கோகர்ணத்தில் ஆத்மலிங்கத்தைத் தொட்டுவிட்டு, பீச்சில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஹொன்னாவரில் ஆறு கடலோடு சேருமிடத்தில் படகு. முருடேஸ்வரத்துப் பெரிய சிவன் முன்னால் நின்று சின்னதாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. மல்பேயில் உனக்கு காணே மீன் வறுவல், எனக்கு நீர் தோசையும் தேங்காய் வெல்லமும். எல்லா இடத்துக்கும் உன் நிபந்தனை ஒன்றுதான், சுத்தமான பாத்ரூம் இருக்க வேண்டும். "கடலை எப்ப வேணா பாத்துக்கலாம்டி, அது முக்கியம்" என்பாய்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில்தான் நமக்குச் சண்டை. பெங்களூரிலிருந்து மங்களூர்தான் கிட்டே. தெற்கே மங்களூரில் தொடங்கி வடக்கே கார்வார் போவதுதான் புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம். அப்படிப் போனால் கடல் இடப்பக்கம் வரும், அதாவது உன் ஜன்னலோரம். நீயோ, முதலில் கார்வார்வரை ஒரே மூச்சில் போய்விட்டு, அங்கிருந்து இறங்கி வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அப்போது கடல் வலப்பக்கம், என் பக்கம். 

"சாயங்கால வெயில் மூஞ்சில அடிச்சா எனக்குத் தலை வலிக்கும்" என்றாய்.

"எனக்கு வலிக்காதா?"

"நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ. சும்னே, பேசாம ஓட்டுடீ."

"மரவந்தேயில கடல் பாக்க வேணாமா உனக்கு?"

"அங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஆறு. எனக்கு ஆறு போதும்."

சுயநலக்காரி என்று உன்னைத் திட்டினேன். ஒரு தலைவலிக்காக என்னை முதல் நாளே அவ்வளவு தூரம் ஓட்டவைக்கிறாயே என்று. நீ சிரித்துக்கொண்டே பழத்தை மோந்தாய். மத்தியானம் சாப்பிட்டதும் உச்சி வெயிலில் குடையில்லாமல் கேம்பஸைச் சுற்றி நடக்கிறவள் நீ. உன்கூட நடந்து வியர்த்துப்போகிறவள் நான். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

போகாமல் போனதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. ஒரு வருஷம் ஆபீசில் குவார்ட்டர் முடிகிற வேலை, ஒரு வருஷம் உன் மகளுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் என் மாமியாருக்கு ஆபரேஷன். மழை விடட்டும் என்போம். மழை விட்டால் லீவு கிடைக்காது. பிறகு உன் வயிற்றுவலி வந்தது. எல்லாரும் அதை கேஸ் ட்ரபிள் என்றார்கள், நீயும் அப்படித்தான் சொன்னாய். 

ஆஸ்பத்திரியில் நான் உள்ளே நுழைந்ததும் நீ கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எதுவரைக்கும் வந்தே?" நானும் ஏதாவது ஓர் ஊரைச் சொல்வேன். இன்று கோகர்ணம், இன்று ஹொன்னாவர் என்று. அங்கே என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாய். உனக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காத நாட்கள் அவை. கடைசியாகப் பேசினபோதும், "மரவந்தே தாண்டிட்டியா?" என்றாய். இல்லை, நீ வந்தால்தான் தாண்டுவேன் என்றேன். சரி என்கிற மாதிரி கண்ணை மூடினாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

அதன்பிறகு இடப்பக்க சீட்டில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. வீட்டுக்காரரைக்கூட, "பின்னாடி உக்காருங்க, காலை நீட்டிக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். அவர் பாவம், கேள்வி கேட்காமல் பின்னால் ஏறிக்கொள்வார். ஒரு சீட்டைக் காவல் காப்பதும் களைப்பான வேலைதான். விற்றுவிட்டால் விட்டது தொல்லை என்று இருந்தது.

இன்று மத்தியானம் உன் மகள் வந்தாள். உன்னைப்போலவே கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள். வேலைக்குப் போகிறாள் இப்போது, ஓட்டக் கற்றுக்கொண்டு லைசன்சும் எடுத்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே, "ஆன்ட்டி, அம்மா சொல்லிட்டிருந்த அந்த ட்ரிப் போலாம்" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். முடியவில்லைம்மா, கால் வலி, அசதி என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் உண்மைதான். நீ இல்லாமல் அந்த ரோட்டைப் பார்க்கப் பயம் என்பதும் உண்மை.

"காரை வித்துடாதீங்க ஆன்ட்டி. நீங்க ஓட்ட வேணாம், நான் ஓட்டுறேன். எல்லாம் பாத்து வெச்சிருக்கேன்" என்று போனில் மேப்பைக் காட்டினாள். மங்களூரில் தொடங்கி, மல்பே, மரவந்தே என்று கோடு மேலே போய்க் கார்வாரில் முடிந்தது.

எங்கிருந்துதான் எனக்கு அப்படிக் கோபம் வந்ததோ. "இது தப்பு. கார்வார்லேருந்துதான் ஆரம்பிக்கணும்னு உங்கம்மா சொல்லுவா. போறதுன்னா அப்படிப் போவோம், இல்லேன்னா போகவே வேணாம்" என்றேன். சற்றுமுன் முடியாது என்றவள் நான்தான்.

"தெரியும் ஆன்ட்டி. அதனாலதான் மாத்தினேன்."

"வெயில் பட்டா அவளுக்குத் தலை வலிக்கும்..."

"அம்மாக்கு வெயில்ல என்னைக்கு ஆன்ட்டி தலை வலிச்சிருக்கு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அம்மா வீட்ல சொல்லுவாங்க. 'தெனமும் முன்னாடி போற பஸ்ஸோட முதுகைத்தான்டி அவ பாத்துட்டு வர்றா. கடலாவது அவ பக்கம் இருக்கட்டும்'னு. அப்ப நீங்க ஓட்டுறதா இருந்துச்சு, அதான் கார்வார்லேருந்து. இப்ப நான் ஓட்டுறேன், நீங்க லெஃப்ட்ல உக்காருவீங்க. மங்களூர்லேருந்து போனாதானே கடல் உங்க பக்கம் வரும்?"

உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் தன் பாட்டுக்கு டீ போட்டாள்.

தசரா லீவில் கிளம்புகிறோம். காரை வாங்க வருவதாக இருந்தவரிடம் இல்லை என்று சொல்லியாயிற்று. உன் மகள் போனபிறகு கீழே இறங்கி, முதல்முறையாக உன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நீ முன்னுக்கு இழுத்துவிட்டது அப்படியே இருந்ததால் முழங்கால் இடித்தது. அங்கே உட்கார்ந்து லேசாகத் தலையைத் திருப்பினால் ஓட்டுகிறவர் முகம்தான் தெரிகிறது, அவ்வளவு கிட்டே. ரோட்டைப் பார்த்தபடி இருந்த என்னை நீ தினமும் அங்கிருந்து பார்த்திருக்கிறாய். நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளவில்லை, முழங்கால் இடித்தால் இடிக்கட்டும். மரவந்தேயில் ஆறு இந்தமுறை உன் மகள் பக்கம். காய்ந்த பழத்தைக் கைப்பையில் போட்டுவைத்திருக்கிறேன். கூடவே புதிதாக ஒன்றும் வாங்கிவைக்க வேண்டும். எனக்குக் குமட்டாது, கையில் வைத்திருக்கத்தான்.