சித்தி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடம்

பம்மல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஈவ்லினுக்கு, சித்தப்பா சவுரிமுத்து எழுதுவது. நானும் ஹில்டா சித்தியும் மாதா புண்ணியத்தில் நலம் என்று எழுதத்தான் ஆசை, பாதி நலம் என்று வைத்துக்கொள், கனடா குளிரில் நீயாவது முழு நலமாக இரு. போனில் சொன்னால் சித்தி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு சித்தி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், தோல் ஊறவைக்கிற வாடை அடிக்கிறதே என்றாள். பக்கத்துத் தோல் ஷெட் மூடி ஒன்பது வருஷமாகிறது, என் மூக்கு போலீஸ் நாயையே தோற்கடிக்கும், ஒரு வாடையும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் திறந்தே இருக்கிறது, ஆனால் என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறாள். வாய் மெல்லுகிறது, வாயில் ஒன்றும் இல்லை. விரல்கள் புடவை ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருக்கின்றன. மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், உள்ளே ஆள் இல்லாத வீட்டைத் தட்டுவது போல் இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து, ஏன் என்னையே பாக்கறீங்க என்று கேட்கிறாள்.

தாம்பரத்துப் பெரிய நரம்பு டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். சும்மா உட்கார்ந்து பார்த்தாள் என்றால் யார் மதிப்பார்கள், அதனால் விழுந்தாள், நுரை தள்ளியது, நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கூட வந்த பக்கத்து வீட்டுக் கனகவல்லி, இன்னா அண்ணா, அக்கா சேர்லயே உக்காந்துகினுதானே இருந்தாங்க, நான் வாசல்ல நின்னு பாத்தேனே என்று போட்டு உடைத்துவிட்டாள். டாக்டர் எழுதியதை அடித்தார். நீங்க கண்ணால பாத்ததுதான் எனக்குப் பெரிய டெஸ்ட், கதை சொன்னா தப்பான மாத்திரை போயிடும் என்றார். தலையில் ஒயர் ஒட்டி எடுத்த படம் சுத்தமாக வந்திருக்கிறது, ஆனால் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாதாம். விழாமல் இப்படி வெறித்துப் பார்ப்பதும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாமாம், ஆனால் ஒரு தடவை வந்ததற்கே வலிப்பு நோய் என்று பேர் வைப்பதும் அபூர்வமாம், வேறு காரணமில்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளியில் இன்னொரு தடவை வந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அது தெரியும்வரை வண்டி ஓட்டக் கூடாதென்று சாவியை நான் வாங்கி வைத்திருக்கிறேன், கீழ்க்கட்டளைக்குத் தைத்த துணி கொண்டுபோக முடியாமல் அவள் என்னோடு பேசுவதில்லை.

கண்ணு, ஈஸ்டர் அன்று நீ வீடியோவில் பேசும்போது, சித்தி படம் அப்படியே நின்றுவிட்டது, நெட் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய் அல்லவா. அந்த நேரம் உள்ளறையில் நான் அதே நெட்டில் தடங்கலில்லாமல் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது, அன்று நின்றது படமா சித்தியா என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் கண்ணின் மணி போல் காப்பாராக. மறக்காமல் ஒன்று மட்டும் எழுது, எதுவும் சேர்க்காதே, சேர்ப்பதற்கு நான் இருக்கிறேன். சித்தி முகம் நின்றுபோனபோது, அவள் தலைக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததா?

உன் பதிலுக்கு வாசலிலேயே நிற்கும்,
சித்தப்பா சவுரிமுத்து