நாகராஜகுமாரனும் தொட்டிச் சபையும்

அல்வால், செகந்திராபாத்
12 ஜூன் 2011

கர்த்தருக்குள் அன்பான ஸ்டெல்லாவுக்கு மதினி ஜெயசுந்தரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே சொல். உன் வீட்டுக்காரர் துரைராஜ் அண்ணனுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா? உப்பைக் குறைக்கச் சொல்.

உன் அண்ணனுக்குப் போன வாரம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. இடது கண் மாதக் கடைசியில். படிக்கக் கூடாது, டி.வி. பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். பேசக் கூடாது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதில் தொடங்கி மேல் வீட்டு லட்சுமணன் சார் மோட்டாரை எப்போது நிறுத்தினார் என்பது வரைக்கும் விசாரணை நடத்துகிறார். மிலிட்டரி ஸ்டோர்ஸில் காலமெல்லாம் இருந்து ரிட்டயர் ஆனவருக்கு இப்போது ஸ்டோர்ஸ் என்றால் நான்தான்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் அவர் இருக்கிறார். செல்லை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் காற்று வாங்க அவரும் வந்துவிடுகிறார். பதிலை வழக்கம்போல லட்சுமணன் சார் விலாசத்துக்கே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். எமிக்கு மனதுக்குப் பிடித்த பையன் ஒருவன் இருக்கிறான். மாதாப்பூரில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை. அவள் இதைச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, மனுஷன்தானே என்பது. சிரிக்காதே. அவள் அலமாரியைப் பார்த்தால் நீயும் அதைத்தான் கேட்டிருப்பாய். ஓநாயாக மாறுகிறவனைக் காதலிக்கிற பெண், ரத்தம் குடிக்கிறவனைக் காதலிக்கிற பெண், செத்து நூறு வருஷமானவனைக் காதலிக்கிற பெண் என்று வரிசையாக இங்கிலீஷ் நாவல்கள். எல்லாமே கூடாத காதல். மனிதனாகப் பிறந்த மாப்பிள்ளை அந்த அலமாரியில் ஒருவன்கூட இல்லை. "ஹவ் மம்மி, மனுஷன்தான். பேரு பிளஸ்ஸன்" என்றாள், ஆமாம் என்பதற்கு இந்த ஊர் 'ஹவ்' போட்டு. பேரைக் கேட்டதும் அது எந்த மாதிரிச் சபைப் பேர் என்று புரிந்துவிட்டது. ஓநாயாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

ஆமாம், நீ நினைப்பதுதான். சைனிக்புரியில் ஒரு மாடியில் சபை நடத்துகிற பாஸ்டர் தேவசகாயத்தின் மகன். உங்கள் சபை மாதிரி பெந்தெகொஸ்தேதான். கல்யாணத்துக்கு முன்னால் எமி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், நகை போடக் கூடாது என்கிறார்கள். எமி சம்மதம் என்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து நான் சேர்த்து வைத்திருக்கும் நகையை இனி நானே போட்டுக்கொண்டு திரிந்தால், கிழவிக்கு வந்த ஆசையைப் பார் என்று பாடகர் குழுவில் பேசுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீர் போதாதா, வளர்ந்த ஆளை முக்கி எடுப்பது எதற்கு என்று எங்கள் சபைக் கமிட்டியில் முழங்கி முழங்கியே உன் அண்ணன் செயலாளர் ஆனவர். அந்தச் சபைக்குள் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு அது தொட்டிச் சபை. அல்வாலில் குடிக்கவே தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, இவர்களுக்கு முழுகுவதற்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்.

பெற்ற பெண் என்பதால் இளகிவிடுவார் என்று நீ எழுதுவாய். கூடப் பிறந்த உனக்கு இளகினாரா? நீ தாமிரபரணியில் இறங்கி முழுகிய அன்று நாங்கள் எல்லாரும் பாளையங்கோட்டை வீட்டில்தான் இருந்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எமிக்கு அப்போது பதிமூன்று வயது, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக உன் பெயர் இந்த வீட்டில் கிடையாது. நாளைக்கு எமியின் பெயரும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அவளை விட்டுவிட்டு இவரோடு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு காலம் தள்ள என்னால் ஆகாது.

போன வியாழக்கிழமை பந்த். எமிக்கு ஆபீஸ் இல்லை. பொழுது போகாமல், ஏதாவது படித்துக் காட்டு என்றார் அவர். அவள் கையில் அப்போது இருந்தது நம் நாட்டுப் பழைய நாகலோகக் கதை ஒன்றை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகப் புதிதாக எழுதிய நாவல். நாகராஜகுமாரனுக்கும் மனுஷப் பெண் ஒருத்திக்கும் காதல், இரண்டு குலத்துக்கும் ஆகாது. அட்டையில் அந்தப் பையன் சட்டையில்லாமல் செதிலோடு நிற்கிறான். நான் சபைக் காலண்டர் தாளைப் போட்டு மூடிவிட்டேன். எமி இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துத் தன் தமிழில் சொன்னாள். முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அது எதுக்கு ஜீன்ஸ் பேன்ட் போடுது? அதுக்கு இடுப்பே கிடையாதே."

நேற்று சாயங்காலம் எமி பஸ்ஸை விட்டு இறங்கி வர நேரமாகிவிட்டது. கை கழுவக்கூட விடவில்லை. "அவன் ஏரிக்கு வந்துட்டானா இல்லையா?" என்றார். மூன்றே நாளில் அது அவனாகிவிட்டது பார். நீயும் ஜெபத்தில் வைத்துக்கொள்.

உன் மதினி
ஜெயசுந்தரி

அல்வால்
22 ஜூன் 2011

அன்பான ஸ்டெல்லாவுக்கு,

உன் கடிதம் லட்சுமணன் சார் மூலமாகப் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ அனுப்பிய கருவாடும் வந்தது. அதன் வாசனைக்கு உன் அண்ணனிடம் பொய் சொல்லத்தான் கஷ்டப்பட்டேன். தூத்துக்குடிக் கருவாடு மாதிரி இருக்கிறதே என்றார். மோண்டா மார்க்கெட்டில் இப்போது எல்லாம் கிடைக்கிறது என்றேன். இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இங்கே நாகராஜகுமாரன் 'அவன்' என்பதிலிருந்தும் உயர்ந்து 'அந்தத் தம்பி' ஆகிவிட்டான். தினமும் ஏழு மணிக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, அப்புறம் கதை. பெண்ணின் அப்பா அவளை அறையில் போட்டுப் பூட்டிய அத்தியாயத்தில் உன் அண்ணனுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்ன மனுஷன் அவன்? அந்தத் தம்பி இதுவரைக்கும் ஒருத்தரையாவது கடிச்சிருக்கானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார். அடுப்பில் கோஸ் பொரியல் கருகிப்போனது. அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை கதை ஏரிக்கரைக்கு வந்தது. நாகலோகத்தில் சேர வேண்டுமானால் அந்தப் பெண் போட்டிருக்கும் நகை எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் தலை முழுக மூழ்கி எழ வேண்டும் என்றாள் எமி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது. "நகையைக் கரையில வச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிர மாட்டானா?" என்றார். அவளோட அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நான் அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தேன். "அப்ப சரி, முழுகட்டும். தலைக்குத் தண்ணி ஊத்தாம எனக்கே அரிப்புத் தாங்கலை" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் தூசி தட்டுகிற சாக்கில் அந்தப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி ஏரிக்கரை அத்தியாயத்தைப் படித்தேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், அரை நாள் ஆயிற்று. அதில் நகையும் இல்லை, முழுக்கும் இல்லை. அந்தப் பையன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நிலாவைப் பார்த்துப் பறந்து போகிறான், அவ்வளவுதான். எமியை அடுப்படிக்குள் இழுத்துப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல், பழைய கதையை அந்த ரைட்டர் மாத்தினாங்க, ரைட்டர் கதையை நான் மாத்தினா கைக்கு திட்டுறீங்க, எதுக்கு திட்டுறீங்க என்கிறாள். பயப்படாமல் பேசிவிட்டு, அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டு, டாடி என்கூடப் பேசாமப் போயிருவாரா மம்மி என்று கேட்டாள்.

இதோடு போயிருந்தால் சந்தோஷமாக முடித்திருப்பேன். நேற்று அந்தப் பெண் தண்ணீரில் இறங்கப் போகிறாள். கரையில் அவள் அம்மா மட்டும் நகைப் பெட்டியோடு நிற்கிறாள். உன் அண்ணன் திடீரென்று, "அப்பன்தான் வரலை. கூடப் பிறந்தவன் ஒருத்தன்கூடவா இல்லை, கரையில வந்து நிக்க?" என்றார். எமி இதற்குத் தயாராக இல்லை. என்னைப் பார்த்தாள். நான் அவரைக்காயைப் பார்த்தேன்.

"ஒரு அண்ணன் இருக்காரு டாடி."

எங்கே அவன் என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள. கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காரு."

ஸ்டெல்லா, அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. மேல் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் அதைப் பற்றியும் கேட்கவில்லை. பிறகு, "இன்னைக்குப் போதும். மிச்சம் நக்கோ, வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். சொட்டு மருந்தும் போட்டுக்கொள்ளவில்லை.

காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. துரைராஜ் அண்ணனையும் ஜெபிக்கச் சொல்.

உன் மதினி
ஜெயசுந்தரி

அல்வால்
30 ஜூன் 2011

அன்பான ஸ்டெல்லாவுக்கு,

இடது கண்ணும் ஆயிற்று. அதை விடு, நீ காத்திருப்பது வேறு செய்திக்காக என்று தெரியும். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் ஓடாதே.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் கதை இல்லை. எமி ஆபீசிலிருந்து வந்தால் நேரே தன் அறைக்குப் போய்விடுவாள். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருப்பார், எதையும் கேட்க மாட்டார். குக்கரை ஒரு நாள் வேண்டுமென்றே கூடுதலாக விசில் அடிக்கவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால், ஹாலில் உன் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலண்டர் தாள் போட்ட புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து வலது கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறார். புது லென்ஸ் வைத்து அவர் முதல் முதலாகப் படித்தது அதைத்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுல நகை எங்க இருக்கு? முழுக்கு எங்க இருக்கு?" என்றார். எமி பின்னாலேயே வந்து நின்றவள், சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணுக்குத்தான் ஆபரேஷன் பண்ணினாங்க, காதுக்கு இல்லை. நகையைக் கழத்து, தண்ணியில முழுகுன்னு சொன்ன அன்னைக்கே இது தொட்டிச் சபைன்னு தெரிஞ்சுபோச்சு. நாகலோகம் சைனிக்புரியில எந்தத் தெருவுல இருக்குன்னு சொல்லு." எமி அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே பையன் பேர், அப்பா பேர், தெரு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தும் ஏன் முழுகட்டும் என்று சொன்னீர்கள் என்று நான்தான் கேட்டேன். கதை எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்றிருந்தாராம்.

அப்புறம் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "புஸ்தகத்துல இருக்கிறது நல்லாவே இல்லை. பாம்புக்கு ஏது இறக்கை, பறந்து போக? எமி சொன்னதுதான் சரியா இருக்கு" என்றார். பிறகு, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அந்த அண்ணன் கடைசியில் வந்தானா என்று கேட்டார். எமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அது இன்னும் சொல்லலை டாடி என்றாள்.

முழுக்குக்கு அவர் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. கமிட்டியில் என்ன முகத்தோடு உட்காருவேன் என்று புலம்புகிறார். தொட்டி எத்தனை அடி ஆழம், தண்ணீரை மாற்றுகிறார்களா, இத்தனை நாள் வாங்கிய நல்ல பேர் அந்தத் தண்ணீரோடு போய்விடுமா என்று தினமும் ஒரு கேள்வி. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைச் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறார், எங்கள் ஆராதனை முடிந்த பிறகு என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு அல்வாலில் தண்ணீர் வராத முறை. "நல்லது, வந்த இடத்துல யாரையும் முக்க முடியாது" என்கிறார். எமியோடு பேசுகிறார், ஸ்டெல்லா. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

அந்தக் கருவாட்டில் மிச்சமிருப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பையனுக்கு நாகர்கோவில் பக்கம், பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றுவிட்டார், யாருக்கு எழுதுகிறாய் என்றார். இத்தனை வருஷம் தங்கச்சிக்கு, சித்திக்கு, பழைய ஸ்கூல் டீச்சருக்கு என்று எத்தனையோ பேரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இன்றைக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லாவுக்கு என்றேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. கருவாடும் அவள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அதனால் நான் இத்தோடு நிறுத்துகிறேன். கர்த்தர் உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் நடுவில் இருக்கிற தூரத்திலும் கூட இருப்பாராக. கீழே இருப்பது உன் அண்ணன் கையெழுத்து. ஒரு கண்ணில் கட்டோடு எழுதியதால் வரி மேலே ஏறிப் போகிறது. இதற்கு எழுதும் பதிலை லட்சுமணன் சார் விலாசத்துக்குப் போட வேண்டாம், நம் வீட்டுக்கே போடு.

உன் மதினி
ஜெயசுந்தரி

ஸ்டெல்லா, அன்னைக்கு ஆத்துல தண்ணி ரொம்பக் குளிர்ந்துச்சா?

அண்ணன்