மூன்று வினாடி இருட்டு

பெய்ரூட், பஸ்தா
வியாழக்கிழமை

என் கண்ணான லமீஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். என் முழங்கால் பழையபடிதான், லிஃப்ட் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் கீழே இறங்குகிறேன். பேத்தி தாலின் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள், என் மூளை என்றேன், உன் அண்ணி ரூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வீடியோ கேமில் வெளிச்சம் எப்படி விழுந்தால் விளையாடுகிறவர் மனசு என்ன ஆகிறது என்று நான்கு வருஷம் ஆராய்ச்சி செய்து, நம் வீட்டையே அதற்குள் கட்டி, கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை உள்ள மூன்று வினாடி இருட்டையும் வைத்தாயே, அதை உன் பேராசிரியர் பிழை என்கிறாராம், எடுத்துவிட்டு, அரபு ஊர் என்றாலே எல்லா கேமிலும் பூசுகிற மஞ்சள் புழுதி வெளிச்சத்தைப் பூசச் சொல்கிறாராம், நீயும் திங்கட்கிழமைக்குள் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாய். மாற்றாதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த இருட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், ஒரு கரண்டிகூட மூக்கில் போனதில்லை. அவர் எந்த மஞ்சளைப் பார்த்தார்? நம் மாடிப்படி சுவர் சாயங்காலம் சாம்பல் நிறம், ஜெனரேட்டர் வந்தால் நோயாளி முகம் மாதிரி வெளுப்பு. நீ வைத்திருப்பதும் அதுதான்.

சும்மா வாயால் சொல்லவில்லை, நானும் ஆராய்ச்சி செய்தேன். நேற்று மத்தியானம் எதிர்வீட்டுக்காரி உம் ஹைதமைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தாலினை விட்டு நீ அனுப்பிய கேமைப் போடச் சொன்னேன், இருட்டு வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உம் ஹைதம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேமுக்குள் படியேறினாள், இதென்ன நம்ம படிக்கட்டு, குப்பைக்கூடையக் காணோமே என்று குறை வேறு. மூன்றாவது மாடியில் உன் இருட்டு வந்தது. நிற்கவில்லை லமீஸ், விரலை எடுக்காமல் ஏறிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள், அடியே ரூலா, இஸ்திரிப் பெட்டியப் பிடுங்குடி, ஹீட்டரும் அதுவும் சேத்துப் போட்டா ஜெனரேட்டர்க்காரன் குடுக்குற அஞ்சு ஆம்பியர் தாங்குமாடி என்று. ரூலா சோப்புக் கையோடு வந்து நின்று, நான் பாத்திரம் கழுவிட்டு இருக்கேன் மாமி, தலைக்கு மேல லைட்டு எரியுது, கொஞ்சம் அண்ணாந்து பாருங்க என்றாள். உம் ஹைதம் அண்ணாந்து பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பி உன் மக பொல்லாதவ என்றாள்.

இதை அப்படியே எழுதி உன் ஆராய்ச்சியில் சேர். அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து இதுவரை யாராவது ஒருத்தி அடுத்த வீட்டு மருமகளைத் திட்டியிருக்கிறாளா என்று உன் பேராசிரியரிடம் கேள். பதில் சொல்லட்டும், அப்புறம் பிழை யாருடையது என்று பேசலாம். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும், நாங்கள் காத்திருந்து பழகியவர்கள்.

அல்லாஹ் உன் கையையும் கண்ணையும் காப்பானாக, உன் முதுகை யார் முன்னாலும் வளைக்காமல் வைப்பானாக. கம்பளிக் காலுறையைப் போடு. திங்கட்கிழமை அந்த மூன்று வினாடியோடு கொடு. சாட்சியாக உம் ஹைதமும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரூலா போடமாட்டாளாம், இன்னும் கோபம்.

உன் உம்மா,
சுஹைலா

பார்த்தது உண்மை:
உம் ஹைதம், மூன்றாவது மாடி