வலது கீழ் மூலை

இன்று காலை கீழ்புத்துப்பட்டில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எதிர்க் கடையின் சுவரில் யாரோ விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனாமல் பெயிண்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சாலையைத் தாண்டி வந்தது. என் வலது கை தானாக உயர்ந்து, நின்ற இடத்திலிருந்தே அந்த எழுத்துகளை மறைத்தது. பக்கத்தில் நின்ற பெண் வெயிலுக்காக என்று நினைத்திருப்பாள்.

அது உங்கள் பழக்கம். போன வருடக் கோடையில் எங்கள் அறக்கட்டளைக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு ஒரு சுகாதாரச் சுவரொட்டி தயாரித்தேன். மரக்காணத்தில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்த உங்களைப் படம் வரைய அழைத்தேன். நான் கேட்டபடி ஒரு ஜோடி பூட்ஸ் வரைந்தீர்கள். அதன் கீழே, உப்புநீர் காலைப் புண்ணாக்கும் விதத்தைப் பதினான்கு வரிகளில் எழுதினேன்.

நீங்கள் உள்ளங்கையால் என் வரிகளை மறைத்தீர்கள். "இப்ப என்ன தெரியுது மேடம்?"

"பூட்ஸ்."

"செருப்புக் கடை விளம்பரம்." பிறகு படத்தை மறைத்தீர்கள். "இப்ப?"

"சொல்ல வந்தது எல்லாமே தெரிகிறதே."

"அப்ப நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். படித்தவளுக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அப்படியே அச்சடித்தேன்.

உப்பளத்து மோட்டார் கொட்டகையில் நாம் இருவரும் அதை ஒட்டியபோது பெண்கள் கூடிவிட்டார்கள். "யாரோட பூட்ஸு அக்கா இது? சினிமாக்காரன் இங்க ஷூட்டிங் வர்றானா?" என்றாள் ஒருத்தி. "இத போட்டுனு பாத்தியில எறங்கினா மிதிச்சு வச்ச தரை பேந்துடும். உப்புல சேறு ஏறிடும். மேஸ்திரி நம்மள அந்தப் பூட்ஸாலயே அடிப்பாரு" என்றாள் இன்னொருத்தி. களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத்தான் பாத்தியின் தரையை இறுக்குவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரியாமலே பதினான்கு வரி எழுதியிருந்தேன்.

செல்வி என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் பை சுற்றிய இடது காலை வரப்பில் ஊன்றி நின்றாள். சுண்டுவிரல் அடியில் ஆழமான புண். "வேல முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவினா ஆறிடும் மேடம். குழாய் ரோட்டுலதான் இருக்குது. அவ்ளோ தூரம் உப்போடதான் நடக்கணும்" என்றாள்.

"ஆர்ட்டிஸ்ட்டு, இவ கால வரைங்களேன். உங்களுக்குத் தெரியாத காலா?" என்றது ஒரு குரல். எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நீங்கள் தலை குனிந்தீர்கள். மட்டமான கேலி என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மிஞ்சிய சுவரொட்டி ஒன்றின் பின்பக்கம் அங்கேயே வரைந்தீர்கள். ஒரு கால். பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் குடம். இரண்டே சொற்கள்: கழுவத் தண்ணீர்?

"இதுல எத மறைச்சாலும் நிக்காது மேடம்" என்றீர்கள்.

உண்மைதான். எனக்கு உடனே புரிந்தது. ஆனாலும், "இது முதலாளிகளைக் கேள்வி கேட்கிறது. எங்கள் அலுவலகம் ஒத்துக்கொள்ளாது" என்றேன். நான் அலுவலகத்தில் கேட்கவே இல்லை. இன்றுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

"சரிங்க மேடம்" என்றீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை கொட்டகையின் வெளிச்சுவரில், ஓனரின் கார் வந்து நிற்கும் பக்கமாக, அந்தக் காலும் குடமும் இரண்டு சொற்களும் நீலத்தில் எழுந்திருந்தன. எந்தப் பலகையிலும் வலது கீழ் மூலையில் பெயர் போடுகிற நீங்கள் அங்கே மட்டும் போடவில்லை. யார் எழுதியது என்று மேஸ்திரி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் அந்தச் சுவரோரம் குழாய் வைத்த டிரம் ஒன்று வந்தது, நிறைய நல்ல தண்ணீரோடு. எங்கள் சுவரொட்டியின் விளைவு என்று அறக்கட்டளை அறிக்கையில் எழுதினேன்.

மார்கழியில் நீங்கள் இறந்ததை மூன்று வாரம் கழித்துப் பெயிண்ட் கடைக்காரர் சொன்னார். வீடு எங்கே என்று நான் கேட்கவில்லை. என்ன உரிமையில் போவது?

போன மாதம் சின்ன டப்பாவில் நீலப் பெயிண்ட்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். செல்வி டிரம்மடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். புண் இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு.

"என்ன மேடம் எழுதப் போறீங்க?"

"அவர் பெயரை. இந்த மூலையில்."

ஈரக் கையோடு எழுந்து வந்து சுவருக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "வேணாம் மேடம். ஓனருக்குத் தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாரு. அதுக்குத்தான் அவரே போடல."

"உன்னை ஏன் நிறுத்தணும்?"

"என் ஊட்டுக்காரர் மேடம் அவரு."

சுவரைப் பார்த்தேன். கடல் காற்றில் நீலம் உரியத் தொடங்கியிருந்தது. அது இடது கால். சுண்டுவிரல் அடியில், பெயிண்ட் சொட்டு என்று நான் அதுவரை நினைத்திருந்த சிறிய புள்ளி.

ஒரு கோடை முழுவதும் உங்களோடு வேலை செய்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது என்ன எழுதினாலும் முதலில் கையால் மறைத்துப் பார்க்கிறேன். பாதி போய்விடுகிறது. "இப்ப?" என்று கேட்கத்தான் அறையில் யாரும் இல்லை. அந்த டப்பா இன்னும் திறக்காமல் என் கைப்பையில் இருக்கிறது. உங்களைச் சொல்லாமல் அறிக்கையைத் திருத்தவும் வழியில்லை. செல்வி தினமும் அந்தப் பாத்தியில்தான் இறங்குகிறாள். அதனால்தான் இந்த மடலிலும் உங்கள் பெயரை எழுதவில்லை.